குனியாமல் இட்ட பொங்காலை

ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு உள்ளுக்குள் பொறையோடிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குளியலறையில் வழுக்கியபோது கையை ஊன்றினேன், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு வெயிட் தூக்கவும் சொன்னார். அறுபது வயதில் திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்து மாமி வெயிட் தூக்குவதா என்று என் கணவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அவர் வாழ்நாளில் தூக்கிய எடை அந்தப் பத்திரிகைதான்.

கைக்கட்டு பிரித்ததும், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த மகன், ஆபீஸ் பக்கத்து ஜிம்மிலிருந்து ஒரு டிரெய்னர் பெண்ணைப் பிடித்து அனுப்பினான். நாஞ்சில் நாட்டுக் குடும்பம், திருவனந்தபுரத்திலேயே பிறந்தவள், முப்பதுகூட ஆகாது. முதல் நாளே அவளை அசத்திவிடலாம் என்று, டிவி பார்த்துப் பழகிய ஆசனத்தைச் செய்து காட்டினேன். நின்றபடி குனிந்து கால் விரலைத் தொட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமி, அது வேண்டா. முன்னாடி குனியப்பிடாது, முறுக்கப்பிடாது, சாடப்பிடாது. நட்டெல்லு நொறுங்கிப் போவும்."

"இந்த வயசிலே நான் எங்கே சாடப் போறேன், குதிக்கப் போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. குனியும்போது முதுகெலும்பின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்று விளக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. என் அம்மாவிடம் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் முதுகு வளைந்துபோய், தரையைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. வடாம் காயப்போடும் முன் என்னைக் கூப்பிட்டு, "வானம் மூடிண்டிருக்காடி?" என்று கேட்பாள். அந்த நிலைமை எனக்கு வந்துவிடக் கூடாது. சாவதற்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அதனால் முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவேன். சுவரில் கை வைத்துத் தள்ளுவேன். "ராஜா காலத்துச் சுவராக்கும், நகராது" என்பார் கணவர். சின்ன டம்பெல்லில் ஆரம்பித்து மெல்ல மெல்ல எடையைக் கூட்டினாள். வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுவாள். வலிக்கிறது என்று பொய் சொன்னால் அதையும் கண்டுபிடித்துவிடுவாள்.

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கியபோதுதான் சண்டை வந்தது. ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் செங்கல் அடுப்பு கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் நாள். எங்கள் வாசலிலும் வரிசையாக அடுப்புகள் இருக்கும். குனிந்து ஊதுவதும் பானையைத் தூக்கி இறக்குவதும்தான் அன்றைய வேலை.

"இந்த வருஷம் வேண்டா மாமி."

"அப்ப நீயே அம்பாளுக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடு."

மறுநாள் கையில் செங்கற்களோடு வந்தாள். எங்கள் ஹாலில் அடுப்பு கூட்டி, அரிசி நிரப்பிய பானையை மேலே வைத்தாள். காலை அகட்டி, முதுகை நேராக வைத்து, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி இறங்க வேண்டும். பானையை வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். தினமும் இதே கூத்து. "எப்பப் பொங்கும்?" என்று கணவர் விசாரிப்பார். உட்கார்ந்து ஊத ஒரு ஸ்டூலும் நீள ஊதுகுழலும்கூட அவளே ஏற்பாடு செய்தாள்.

பொங்காலையன்று தன் அடுப்பை என் அடுப்புக்குப் பக்கத்திலேயே கூட்டினாள். வேண்டுதல் என்றாள். என்னை வேவு பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். கோயிலிலிருந்து அடுப்புக்கு அடுப்பு கை மாறி நெருப்பு வந்தது. என் அடுப்பு உடனே பற்றிக்கொண்டது. அவள் விறகுக்கு வைத்திருந்த தென்னம்பாளை ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. எரிச்சலில் பாடமெல்லாம் மறந்து, நின்ற வாக்கிலேயே வளைந்து ஊதினாள். ஊதியவளால் நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். "முட்டியை மடக்கலையோ? பின்பக்கம் எங்கே போச்சு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன். பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். அது புகையால் வந்தது இல்லை. என் ஸ்டூலில் அவளை உட்கார வைத்துவிட்டு, இரண்டு பானையையும் நானே பொங்கி இறக்கினேன். என் முதுகு ஒரு தடவைகூட வளையவில்லை. அதைப் பார்த்துப் பாராட்ட வேண்டியவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கோயில் பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்கள். பூ தூவும் விமானம் கோயிலுக்கு மேலே வந்தது. தெருவே அண்ணாந்து பார்த்தது, நானும் பார்த்தேன்.

ஸ்டூலில் குனிந்தபடியே அவள் கேட்டாள், "மாமி, பூ விழுதா?"

எங்கள் தெருவுக்குப் பூ வரவில்லை, இரைச்சல்தான் வந்தது.

"விழறதுடி" என்றேன். காலை அகட்டி, முதுகை நேராக வைத்து, அவள் எதிரே மெல்ல இறங்கி, என் தலையிலிருந்த மல்லிகையைக் கொஞ்சம் பிய்த்து அவள் மடியில் போட்டேன்.