அக்காவுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம்

ஆம்பூரில் காலரா வந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அக்காவைக் காட்பாடி ரயிலடியில் ஒரு தம்பதி அழைத்துப் போனார்கள். என்னை வேலூரில் ஒரு மிஷன் அனாதை விடுதி ஏற்றுக்கொண்டது. நான் சேர்ந்த நாளையும் என் வயதையும் எழுதிய பதிவேட்டைப் பின்னாளில் கரையான் தின்றுவிட்டது. என் வயது எனக்கே தெரியாது.

வளர்ந்து, பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாரம்மா ஆனேன். அக்காவைத் தேடி ஊர் ஊராகக் கடிதம் போட்டேன். கடைசியில் சென்னையிலிருந்து ஒரு விடுதி பதில் எழுதியது. அந்தத் தம்பதி அக்காவை அங்கேதான் விட்டுப் போயிருந்தார்கள். ஆனால் வந்த பெண்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்துவிட்டார்களாம். பிறந்த வருஷம் தெரிந்தால் தேடலாம் என்றார்கள்.

பேரணாம்பட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த சின்னம்மாவிடம் ஓடினேன். உறவென்று மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

"அக்காவுக்கு அப்ப இன்னா வயசு சின்னம்மா?"

"யாரு கண்டாங்க? உன்னைவிட நாலு வயசு ஜாஸ்தி. அது மட்டும் தெரியும்."

"வேற எதுனா ஞாபகம் இருக்குதா?"

அவர் இலையைக் கீழே வைத்தார். "இரு. ஒரு வயசுல உனக்கு மொட்டை அடிச்சோம். அன்னிக்கு அவளுக்கு அஞ்சு வயசு."

பஸ்ஸுக்கு ஓடினேன். தெரியாத வயது இரண்டு, இப்போது செய்தியும் இரண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து, இரண்டையும் சமன்பாடாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். சுழியம் சமம் சுழியம். ஐந்தில் ஒன்று போனால் நாலு. சின்னம்மா ஒரே விஷயத்தைத்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தார். எனக்கு இருபத்தைந்து என்றால் அவளுக்கு இருபத்தொன்பது. எனக்கு முப்பது என்றால் முப்பத்துநாலு. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தியது. இப்படிப்பட்ட கணக்குக்கு எண்ணற்ற விடைகள் உண்டு என்று நானே கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

வருஷம் தெரியாது என்று விடுதிக்கு எழுதினேன். வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் பதினொரு பேரின் விலாசத்தை அனுப்பினார்கள். பதினொரு பேருக்கும் எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள். தங்கை இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். மற்றவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கேட்டுச் சர்ச் ஐயரிடம் போனேன்.

"யாருக்காகம்மா?" என்றார்.

இறந்த மூன்று பேரின் பெயரையும் சொன்னேன். அதில் அக்கா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.