பழிக்குக் காப்பீடு இல்லை

இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் கதவு செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் இணைப்புகளை எட்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான் டெரெக் ஆஷ்வொர்த். ஆனால் அங்கே அவன் ஊழியன் இல்லை. தன் பேரில் ஒற்றை ஆள் கம்பெனி வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிறவன். அடையாள அட்டை தொங்க மற்றவர்கள் கழுத்தில் நீல நாடா, அவன் கழுத்தில் ஆரஞ்சு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைப்பு கிடையாது. அழைத்தால் "இவன் உங்கள் ஊழியன்தானே" என்று வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்களாம். எத்தனை வருடம் சாப்பிட்டாலும் விருந்தாளிப் பெயர் போகாத பிழைப்பு.

டீ முறையில் மட்டும் அவனுக்கு இடம் உண்டு. யார் முறையோ அவர் எல்லோருக்கும் டீ போட்டுத் தட்டில் கொண்டு வர வேண்டும். அதில் சேர்த்துக்கொண்டால்தான் ஒருவன் நம்மவன். டெரெக்கைச் சேர்த்துவிட்டவள் அலுவலக மேலாளர் பெவர்லி. அவன் மனைவி விட்டுப்போன குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாவுக்குள் கறி அடைத்த பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். கூடப்பிறக்காத குறை.

வருடத்துக்கு ஒருமுறை அவளிடம் அவன் காப்பீட்டுச் சான்றைக் கொடுப்பான். அவன் வேலையால் யாருக்காவது அடிபட்டாலோ, பொருள் கெட்டாலோ நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு அது. கொடுக்கும்போதெல்லாம் அதே கேலி.

"ஏன் கண்ணு, நீ என்ன கூரை வேயுறவனா? கீபோர்டால அடிச்சு யாரைக் கொல்லப் போறே?"

"இது இல்லேன்னா கேட்லயே நிறுத்திடுறீங்களே!"

"நிறுத்துவோம். அந்த ரூலைப் போட்டதே நான்தான்," என்று சிரிப்பாள்.

போன மார்ச்சில் புதுக் கருவி ஒன்றை மாட்டினார்கள். கேபிளைக் கூரைக்குள் இழுக்க வேண்டிய ஆள் வரவில்லை. டெரெக் வேலையை நிறுத்திவிட்டான்.

"தரையில விட்டா யாராவது விழுவாங்க பெவ். அந்த ஆள் வரட்டும்."

"நாளைக்கு டைரக்டர் வர்றார், டெரெக். எல்லாம் ஓடலேன்னா என் தலைதான் உருளும். இப்போதைக்கு கிச்சன் வாசல்ல குறுக்க போட்டுடு. மேல போடுற ரப்பர் மூடி ஸ்டோர்ல இருக்கு. நான் எடுத்துட்டு வந்து போட்டுடுறேன். நீ போய் மத்ததைப் பாரு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் தானே நின்று டேப்பாவது ஒட்டிவிட்டுத்தான் நகர்ந்திருப்பான். சொன்னவள் பெவர்லி. போய்விட்டான்.

அன்று மாலை டீ முறை வரவேற்பு மேசை டோரீனுடையது. பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தவர். தட்டு நிறையக் கோப்பைகளோடு கிச்சனை விட்டு வந்தவருக்குக் காலடி தெரியவில்லை. மூடி போடாமல் கிடந்த கேபிள் தடுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவன் டெரெக்.

"சாரி டோரீன், சாரி! என் தப்பு, எல்லாம் என் தப்பு!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது வாயிலேயே ஊறிப்போன வியாதி. பஸ்ஸில் நம் காலை மிதித்தவனிடம் நாம்தான் சாரி சொல்வோம். விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டால் கம்பத்திடமும் சொல்வோம். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெவர்லி மட்டும் பொருட்படுத்தியிருக்கிறாள்.

டோரீனின் வக்கீல் நஷ்டஈடு கேட்டார். டெரெக்கின் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவனைப் போனில் பிடித்தாள்.

"கேபிளை அங்க போடச் சொன்னது யாரு, மிஸ்டர் ஆஷ்வொர்த்?" என்றாள் அந்தப் பெண்.

"பெவர்லி. மூடி போடுறேன்னும் அவங்கதான் சொன்னாங்க."

"கேட்டா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்காம? அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க."

"ஒத்துக்கிட்டா நல்லது. இல்லேன்னாலும் பணத்தை நாங்க கொடுத்துடுவோம். ஆனா பழி உங்க பேர்லதான் நிக்கும்."

பழி நின்றால் என்னவாகும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் காப்பீடு கொடுக்கவே யோசிப்பார்கள். கொடுத்தாலும் எட்டாத விலை சொல்வார்கள். சான்று இல்லாதவனுக்கு எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. அவனுக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான்.

பெவர்லியிடம் போனான். "நடந்ததை நடந்தபடி சொல்லு பெவ். அது போதும்."

"இதையெல்லாம் கேக்கணுமா கண்ணு?" என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள். நிம்மதியாகப் போய்த் தூங்கினான், பைத்தியக்காரன்.

விசாரணையில் அவள் சொன்னது வேறு. கேபிளை அங்கே போடாதே என்று தான் எச்சரித்ததாகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை என்றாள். "என் தப்பு என்று அவனே கத்தினானே, ஆபீஸே கேட்டதே" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அது போதுமானதாக இருந்தது. பாதுகாப்புக் காரணமாக ஒப்பந்தம் ரத்து என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

சாமான்களை எடுக்கப் போன அன்று, கிச்சனில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள் பெவர்லி.

"ஏன் பெவ்?"

அவள் திரும்பவில்லை. "நான்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க, டெரெக். உனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே? இதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டுறே? டோரீனுக்கும் பணம் வந்துடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு."

"நீ கான்ட்ராக்டர். இந்த இடம் இல்லேன்னா இன்னொரு இடம்."

"எந்த இடம்? எவன் கேட்டைத் திறப்பான்? அந்த ரூலைப் போட்டவ உனக்குத் தெரியாதா?"

அவள் அதே கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் பசிக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையாலேயே கழுத்தை அறுத்தாள். வெறும் எதிரி செய்திருந்தால் அவன் இரண்டு வசவோடு ஆற்றிக்கொண்டிருப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

ஆரஞ்சு நாடாவைக் கழற்றிக் கொடுத்தான். தன் கோப்பையையும் கருவிகளையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிச்சன் வாசலைக் கடக்கும்போது குனிந்து பார்த்தான். கேபிள்மேல் ரப்பர் மூடி அழகாக உட்கார்ந்திருந்தது. ஸ்டோரில் இருந்ததாம், அன்றைக்கும் இருந்ததாம்.

அன்று டீ முறை பெவர்லியுடையது. தட்டோடு வேகமாக வெளியே வந்தவள் அவன்மேல் மோதினாள். சுடச்சுட டீ அவன் கைமேல் கொட்டியது.

"சாரி," என்றான் டெரெக்.

பெவர்லியின் வாயும் அதே சொல்லுக்குத் திறந்தது. மேசைகளிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டாள்.