தலைவரம்மா பார்வையிட்ட சுவர்

எங்கள் பேரூராட்சித் தலைவர் நான்கு தடவை தலைவராக இருந்தார். மூன்று தடவை அவர் பெயரில், நடுவில் ஒரு தடவை அவர் மனைவி பெயரில். ஊருக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அக்கா. தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தபோது ஊரில் யாரும் கலங்கவில்லை. போஸ்டரில் அக்காவின் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது. பக்கத்தில் அண்ணன் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஜெயித்தது யார் என்பதில் ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு என்னுடையது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அண்ணனின் மேடைப் பேச்சு, நோட்டீஸ், இரங்கல் செய்தி எல்லாம் என் கைவண்ணம்தான். பதிலுக்கு எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வந்தது. மற்ற தெருக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். எழுத்துக்குச் சன்மானமே கிடைப்பதில்லை என்று இலக்கியக் கூட்டங்களில் நான் புலம்பியதெல்லாம் பொய்.

அண்ணன் மோசமான மனிதர் இல்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பார். அக்காவின் ஐந்து வருஷத்திலும் அவர்தான் வந்து நின்றார். சாயங்காலமானால் ஆபீஸிலிருந்து ஃபைல்கள் வீட்டுக்கு வரும். கையெழுத்து விழவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அக்கா காய் நறுக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குறி மேல் குறியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். கூட்டங்களில் அதிகாரிகள் கேள்வியை அக்காவிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரைக்கு நிறையப் பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அண்ணன் மறுபடி தலைவரான பிறகு, ஒரு ஐப்பசி மழையில், காலனிக்குப் பின்னால் இருந்த பெண்கள் கழிப்பறையின் சுவர் சரிந்தது. காலையில் வரிசையில் நின்ற ஒரு பெண் செத்துப்போனார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் அண்ணனின் கூடப்பிறந்த தம்பி. கட்டியது அக்காவின் காலத்தில். அதனால் விசாரணைக் கடிதம் அக்கா பெயருக்கு வந்தது.

வாக்குமூலத்தை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். "நல்லா எழுதுங்க தம்பி. உங்க நக்கல் மட்டும் வேணாம்" என்றார் அண்ணன். நக்கல் இல்லாமல், அக்காவே சொல்வதுபோல் எழுதினேன். வேலை நடந்தபோது மூன்று முறை நேரில் பார்வையிட்டேன், தரம் திருப்தியாக இருந்தது, எதிர்பாராத பெருமழையே விபத்துக்குக் காரணம். 'எதிர்பாராத' என்ற சொல்லைச் சேர்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அண்ணன் பென்சிலால் குறி போட்டு நீட்டினார். அக்கா பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க தம்பி."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. போடு" என்றார் அண்ணன்.

"இத்தனை வருஷமா நான் கேட்டதில்லைங்க. இந்த ஒண்ணைக் கேட்டுக்கறேன்."

படித்தேன்.

"அந்த எடம் எங்க இருக்கு?"

"காலனிக்குப் பின்னாடி. நீ பார்த்ததில்ல."

"அப்ப எப்படி மூணு தடவை பார்த்தேன்?"

"ஒரு தடவைன்னு போட்டா நம்ப மாட்டாங்க" என்றார் அண்ணன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா ஆட்டோவில் கிளம்பினார். துணைக்கு நான். அந்தக் கழிப்பறை ஃபைல் அவருக்கு நினைவிருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் போட்ட கையெழுத்து. "அடுப்பைக் கூட அணைச்சோமான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் கிளம்பினேன் தம்பி. இதைப் பார்க்கலை."

சரிந்த சுவரை அப்படியே போட்டிருந்தார்கள். அக்கா ஒரு செங்கலை எடுத்துப் பூச்சை விரலால் நெருடினார். வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது. வாசலில் திறப்புவிழாக் கல் மட்டும் விழாமல் நின்றது. அதில் அக்காவின் பெயர். வாசகம் என்னுடையது.

குடத்தோடு போன ஒரு பெண் நின்று, யாரென்று கேட்டார். அக்கா கல்லில் இருந்த பெயரைக் காட்டினார். "நீங்கதானா அது? தினம் உங்க பேரைப் பார்த்துக்கிட்டேதான் வரிசையில நிப்போம். ஆளு யாருன்னு தெரியாது."

அக்கா செங்கலைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். வீடு வந்ததும் அண்ணன் முன்னால் என்னிடம், "பார்க்காமயே கையெழுத்துப் போட்டேன்னு எழுதுங்க" என்றார்.

"என் தம்பி உள்ள போயிடுவான். அதுக்கு முன்னாடி நீ போவ" என்றார் அண்ணன்.

"தெரியும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதாதீங்க."

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். அந்தச் சின்ன வேலையை இவ்வளவு நறுவிசாக நான் செய்தது அதுதான் முதல் தடவை. அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அரிசி மூட்டைச் சிட்டையின் பின்பக்கத்தில் தானே எழுத ஆரம்பித்தார். நான்கு வரி எழுத அரைமணி நேரம் ஆனது. விசாரணையில் அதைத்தான் கொடுத்தார்.

வழக்கில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர் அக்கா. கான்ட்ராக்டர் தம்பி முன்ஜாமீன் வாங்கிவிட்டார். தன் மனைவிக்கு மனநிலை சரியில்லை, அவர் எழுதிக் கொடுத்ததை ஏற்கக்கூடாது என்று அண்ணன் ஒரு மனு கொடுத்தார். நல்ல மனு. ஒற்றுப்பிழை கிடையாது. வாசகம் உருக்கமாகக்கூட இருக்கும். அதை நான்தான் எழுதினேன்.

வாய்தாவுக்கு அக்கா டவுன் பஸ்ஸில்தான் போகிறார், தனியாக. போன மாதம் ஒருநாள் நான் ஏறிய பஸ்ஸில் அவர் இருந்தார். கூட்டம். என்னைப் பார்த்ததும் மடியில் பையை வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க தம்பி. காலேஜுக்குத்தானே?"

"இல்லக்கா, அடுத்த ஸ்டாப்புல எறங்கறேன்" என்றேன்.

இறங்கிவிட்டேன். கல்லூரிக்கு இன்னும் ஒன்பது ஸ்டாப் இருந்தது.