சந்தனம் வைத்த பிளக்கு

சோலைமலை, தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பராக்காரன். அவன் அப்பா தேயிலைப் பெக்டரி அடுப்புக்கு விறகு போட்டுப் போட்டே நெஞ்சு கெட்டுச் செத்தவர். மகனாவது புகையில்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்று படிக்க வைத்தார். இவனும் நுவரெலியாவில் ஒரு வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் பழகினான். எண்பத்தாறில் எங்கள் தோட்டத்து ஆபீஸுக்கு அந்தப் பெட்டி வந்தபோது, அதைத் தட்டத் தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான். லயத்திலிருந்து போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். பெரிய கிளாக்கர் பத்திநாதனுக்கு வயிறு எரிந்தது. அவரை 'அவர்' என்று சொல்லவே எனக்கு வாய் கசக்கிறது. என்ன செய்வது, பழகிப்போன வாய்.

கொழும்புக் கம்பெனிக்காரன் பெட்டியோடு இரண்டு பிளக்கு கொண்டுவந்தான். ஒன்று, பழைய பிரிண்டரின் வயரைப் புதுப் பெட்டியில் பொருத்துவதற்கு. மற்றது தீப்பெட்டியளவு, ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை. அதைப் பெட்டியின் முதுகில் செருகினால்தான் செக்ரோல் என்கிற சம்பளக் கணக்குப் புரோகிராம் திறக்கும். களவாகப் பிரதி எடுக்காமலிருக்கப் பூட்டாம். முந்தியெல்லாம் ஒரு ரகசிய நம்பரைத் தட்டச் சொன்னார்களாம். ஆட்கள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்ததால் இந்தப் பிளக்கைக் கண்டுபிடித்தார்களாம்.

பூட்டு என்று கேட்டதுமே பத்திநாதன் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலையில் அவர் வந்து செருகும்வரை சோலைமலை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடிக்கப் போனாலும் பிடுங்கிக்கொண்டு போவார். வேலை ஏன் பிந்துகிறது என்று தோட்டத்தை நடத்துகிற துரை கேட்டால், பொடியனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பெக்டரி மெஷின்களைக் கழுவி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்போம். இந்துவோ, வேதக்காரர் என்கிற கிறிஸ்தவரோ, தோட்டமே நிற்கும். நானும் வேதக்காரிதான், தேயிலை சலிக்கிற அறையில் வேலை, வருஷம் தவறாமல் நிற்பேன். முதல் சந்தனம் பெரிய கிளாக்கருக்கு. அதற்கென்றே பத்திநாதன் சால்வை போட்டுக்கொண்டு வருவார். அன்றைக்குப் பெருமை தலைக்கேறி, பையிலிருந்த பிளக்கை எடுத்துத் தட்டில் வைத்து, இதுதான் இப்போது ஆபீஸின் ஆயுதம், இதற்கும் வையுங்கள் என்றார். பூசாரி பாவம், கரைத்த சந்தனத்தை ஊசி, துளை என்று பார்க்காமல் அப்பிவிட்டார்.

மறுநாள் மேலாகத் துடைத்துவிட்டு, ஈரத்தோடேயே பத்திநாதன் செருகினார். பிளக்கு செத்துப்போயிற்று. கம்பெனிக்காரன் வந்து அதைத் தட்டியதும் காய்ந்த சந்தனம் மேசையில் உதிர்ந்தது. பூஜையன்று துரை தோட்டத்தில் இல்லை. நடந்தது தெரியாமல், இது யார் வேலை என்று அவர் சத்தம் போட்டார். பத்திநாதன் எழுந்து நின்று, வராந்தாவில் நின்ற எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"நான் வேதக்காரன் சேர். சந்தனம் எனக்கு எதுக்கு? இந்தப் பொடியன்தான் பூஜைக்குக் கொண்டு போயிருக்கான்."

என் வேதத்தை அல்லவா அந்த ஆள் பொய்க்குப் போர்வையாக்கினார்! பார்த்த ஜனம் அத்தனையும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் தங்கள் பேர் விட்டுப்போகும் என்று பயந்து, வாயில் கொழுக்கட்டையோடு நின்றது. சோலைமலையும் மலங்க மலங்க விழித்தானே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவனை அறையலாம் போலிருந்தது. வெளியே வந்த துரையிடம் நான் நடந்ததைச் சொன்னேன். பெரிய கிளாக்கர் பொய் சொல்வாரா என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

சோலைமலையை நாற்காலியிலிருந்து இறக்கி அடுப்புக்கு அனுப்பினார்கள். அப்பன் நின்ற அதே அடுப்பு. கொழும்பிலிருந்து வேறு பிளக்கு வந்தது, பத்திநாதனின் மச்சான் மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். சோலைமலை விறகு போட்டான், இருமினான்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் துரையும் வந்து முன்னால் நின்றார். சந்தனத் தட்டு ஏந்துவது எங்கள் பெக்டரியில் அடுப்புக்காரன் வேலை. தட்டு சோலைமலை கையில் இருந்தது. பத்திநாதன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு விரலை நீட்டினார். சோலைமலை தட்டைப் பின்னுக்கு இழுத்தான்.

"வேணாங்கய்யா. நீங்க வேதக்காரரு. சந்தனம் உங்களுக்கு எதுக்குங்க?"

குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை. துரை திரும்பிப் பத்திநாதனின் முகத்தைப் பார்த்தார், பிறகு நீட்டியபடி இருந்த விரலைப் பார்த்தார். அந்த ஆளுக்கு விரலை மடக்கவும் தெரியவில்லை, நீட்டவும் தெரியவில்லை.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். கழுத்துச் சிலுவையை எடுத்து ரவிக்கைக்கு மேலே போட்டுக்கொண்டேன்.

"எனக்கு வையி, சோலை. நானும் வேதக்காரிதான்."

அவன் துரைக்கு முன்னாலேயே என் நெற்றியில் முதல் சந்தனத்தை வைத்தான்.