எட்டாவது பெயர்

காப்பிப் பழத்தைக் கிள்ளும்போது கசிகிற சாறு முதலில் வெறும் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்; வெயில் ஏறுவதற்குள் அது விரலிடுக்கில் காய்ந்து தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் முசுறு எறும்பும் கடித்துவிட்டால் சொறிந்துகொள்ளக்கூட வழியில்லாமல் கையை உதறிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மார்கழியிலும் தையிலும் சனி, ஞாயிறு வந்தால் எனக்கு வாய்த்த விரல்கள் அவைதான். ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் என் அம்மா பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போவேன்.

எங்கள் மலையில் காப்பிச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். வரிசைக்கு ஒருத்தியாக உள்ளே நுழைந்துவிட்டால் பக்கத்து வரிசைக்காரியின் முகம் தெரியாது. போதாததற்குக் காட்டுமாடு இறங்குகிற இடம். அதனால் பழம் எடுக்கும் பெண்கள் சும்மா இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். யாராவது ஒருத்தி பாட்டாகப் பெயர்களைக் கூப்பிட வேண்டும், பெயருக்கு உரியவள் இருந்த இடத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். மனிதச் சத்தம் கேட்டால் மாடு விலகிப் போகும். பதில் வரவில்லை என்றால் அத்தனை பேரும் பழம் போடும் மடிச்சாக்கைக் கீழே போட்டுவிட்டு அந்த வரிசைக்கு ஓட வேண்டும். "பேர்ப்பாட்டு" என்று அதற்குப் பெயர். அது கச்சேரி இல்லை, பொழுதுபோக்கு இல்லை. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒருவர் காதிலாவது ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எனக்குக் கொஞ்சம் குரல் வாய்த்திருந்ததால் கூப்பிடுகிற வேலை என்னிடம் வந்தது. "கொத்து செவந்திருக்கு, கொம்பு வளைஞ்சிருக்கு" என்று தொடங்கி எட்டுப் பெண்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாடுவேன். எஸ்டேட் ஆட்களுக்கான லைன் வீடுகளுக்குக் குடிவந்த வரிசைப்படிதான் பெயர்கள் வரும், எனவே எட்டாவது பெயர் சரசக்காளுடையது. மழை ஓய்ந்த ஒரு மாதத்தில் கைக்குழந்தையோடும் ஒரு துணிப்பையோடும் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அவள். புருஷன் அடித்த அடியில் இடது காது சரியாகக் கேட்காது. பேரேடு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் ஊர் எது என்று கேட்டபோது ஏதோ ஓர் ஊரைச் சொன்னாள். அது பொய் என்று அவருக்கும் தெரியும், லைனில் இருந்த எல்லோருக்கும் தெரியும், யாரும் மறுபடி கேட்கவில்லை. காது மந்தம் என்பதால் அவள் பெயரை மட்டும் நான் இன்னும் கொஞ்சம் உயர்த்தி, நீட்டிப் பாடுவேன். "இங்கதான் இருக்கறேன் சாமி" என்று செடிகளுக்குள்ளிருந்து பதில் வரும். அந்தப் பாட்டிலேயே அழகான இடம் அதுதான் என்று பிற்பாடு லட்சக்கணக்கானவர்கள் சொன்னார்கள்.

அந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சுற்றுலா வந்த ஓர் ஆள். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செல்போனில் படம் பிடித்திருக்கிறார். படத்தில் தெரிவது என் முகம் மட்டும். மற்ற ஏழு பேரும் சரசக்காளும் குரல்கள்தான். கீழே "சேர்வராயன் மலைக்குயில்" என்று எழுதி, எங்கள் ஊரின் பெயரையும் எஸ்டேட்டின் பெயரையும் மறக்காமல் போட்டிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை என் கையில் இல்லை. பள்ளிக்கூட வாசலில் என் படத்தைப் பெரிய பிளெக்ஸாகக் கட்டினார்கள். எந்த அதிகாரி வந்தாலும் என்னை வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போய்ப் பாடச் சொன்னார்கள், அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் பாதியில் எழுப்பியதையும் நான் மறக்கவில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் மேடையில் நின்று பெயர் கூப்பிடுவதைப் போல அவமானம் வேறில்லை. டிவிக்காரர்கள் கூட்டிப்போய் எனக்குப் பொருந்தாத பாவாடை தாவணியைக் கட்டிவிட்டார்கள். பாட்டைக் கேட்ட நடுவர் ஒருவர், மெட்டு நன்றாக இருக்கிறது, அந்தப் பெயர்களை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். பெயர்களை எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. பதினான்கு வயது, விளக்கு வெளிச்சம், சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

ஊருக்கு மட்டும் கொண்டாட்டம். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு அடுத்ததாக என்னைப் பார்க்க வந்தார்கள். ஜீப்காரர்கள் "பாட்டுப் புள்ள ஊடு" என்று சொன்னாலே போதும், லைன் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள், இரண்டு வரி பாடு என்றார்கள், பாடாவிட்டால் அதற்குள் தலைக்கனம் பார் என்று என் காது படவே சொன்னார்கள். நான் காட்டில் பாடுவதையே விட்டுவிட்டேன். அம்மாவும் மற்றவர்களும் தகரத்தைத் தட்டிக்கொண்டு பழம் எடுத்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்த ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். படம் எடுக்கவில்லை, பாடவும் சொல்லவில்லை.

"பாட்டு நொம்ப நல்லா இருந்துச்சு பாப்பா. ஆனா கடைசில ஒருத்தங்க பதில் சொல்றாங்க பாரு, அந்தக் குரலுக்கு ஈடே இல்ல. அவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாக என்மேல் ஏறி உட்கார்ந்திருந்த புகழில் பாதியையாவது இன்னொருத்தி தலையில் இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. சரசக்காளை யாரோ பாராட்ட வந்திருக்கிறார்களே என்ற பெருமையும் இருந்தது.

"சரசக்காளுங்களா? மேல்காட்டுல பழம் எடுக்குதுங்க. தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட வரிசைங்க" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

பிஸ்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் மேலே போனார். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, சாவகாசமாகச் சாக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு நானும் மேல்காட்டுக்குப் போனேன். தாமதத்துக்குத் திட்டுவாள் என்று நான் நினைத்த அம்மா, தட்டித் தட்டித் தகரம் ஓட்டையாகிவிட்டது, இன்றைக்கு நீ கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள். "மாடு எறங்கியிருக்குதாம் கண்ணு, பாடு" என்றாள். பாடினேன். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. எட்டாவது பெயரை வழக்கம்போல உயர்த்தி நீட்டினேன். பதில் இல்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அதற்குள் பெண்கள் மடியை உதறிவிட்டு ஓடத் தொடங்கியிருந்தார்கள். காட்டுமாட்டை எதிர்பார்த்துப் போனவர்கள், இஸ்திரிச் சட்டை போட்ட அந்த ஆள் ஒரு கையால் சரசக்காளின் வாயைப் பொத்தி, மறு கையால் முடியைப் பிடித்து ரோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போவதைக் கண்டார்கள். அவன்தான் புருஷன். செல்போனில் பாட்டைக் கேட்டுக் குரலை அடையாளம் கண்டுபிடித்து வந்திருக்கிறான். பெண்கள் கூச்சல் போடவில்லை. பழம் பறிக்கக் கிளையை வளைக்கிற கொக்கிக் குச்சிகளோடு அவனைச் சுற்றி நின்றார்கள். என் அம்மா அவன் கையிலிருந்து முடியை ஒவ்வோர் இழையாகப் பிரிப்பதுபோலப் பிரித்தெடுத்தாள். அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "எடம் தெரிஞ்சுபோச்சு, இனி எங்க போயிருவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவனுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டபோது நான்தான் கை காட்டினேன் என்று சொன்னேன். அம்மா கையை ஓங்கிவிட்டாள். சரசக்காள்தான் தடுத்தாள். "அவளை ஏனுங்க அடிக்கறீங்க? அவ கூப்பிட்டதாலதான நீங்க வந்தீங்க" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் குழந்தையோடும் அதே துணிப்பையோடும் போய்விட்டாள். லைன் வீட்டுக்கு அந்த வாரமே வேறு ஆள் குடிவந்தது.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று அதைப் போட்டவருக்கு ஆள் பிடித்து எழுதினேன். நடந்ததையும் எழுதினேன். இந்தப் புகழே தன்னால் வந்ததுதான், நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, குறை சொல்லாதே என்று பதில் போட்டார். போலீஸில் ஓர் ஐயா, பாட்டுத்தானே பாடியிருக்கிறாய், தப்பாக ஒன்றும் இல்லையே என்றார். யாரைக் கேட்டாலும் தப்பு இல்லை. அப்படியானால் ஒரு பெண் ஊரைவிட்டு ஓடியது யாருடைய தப்பு என்று நான் இந்த ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சேலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஊருக்குப் போகும்போது, பஸ்ஸில் அந்தப் பாட்டைத் தாளம் கூட்டிப் போட்டார்கள். என் குரலை வெட்டிவிட்டு, "இங்கதான் இருக்கறேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். "நல்ல பாட்டுதானுங்களே" என்றார் கண்டக்டர். அடுத்த வளைவிலேயே இறங்கி, மீதி மலையை நடந்து ஏறினேன். காட்டில் இப்போது பேர்ப்பாட்டு இல்லை. ஆளுக்கொரு செல்போன் இடுப்பில் கத்துகிறது, மாடு அதற்கும் விலகித்தான் போகிறது. யாரிடமிருந்தாவது பதில் வராமல் போனால் செல்போனுக்குத் தெரியாது.

சரசா என்பது அவளுடைய பெயர் இல்லை. உண்மைப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒவ்வொரு வருஷமும் பழம் சிவக்கிற பருவத்தில் எனக்கு ஒரு போன் வரும், ஒவ்வொரு தடவையும் வேறு நம்பரிலிருந்து. நான் பாட மாட்டேன். பெயரை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, நீட்டிச் சொல்வேன், அவளுக்குக் காது கேட்க வேண்டுமே. "இருக்கறேன் சாமி" என்பாள். எந்த ஊரிலிருந்து பேசுகிறாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.