எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடும் என்றார்கள்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கறுப்புத் தூள் கொட்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்று. ஃபர்னஸுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரூம். எனக்கு அங்கேதான் வேலை. இரண்டாயிரத்து எட்டு என்று நினைக்கிறேன்...

பக்கத்து சீட் நூர்ஜஹான், பழவேற்காட்டுப் பெண். அப்பா இல்லை. ஷார்ஜாவில் டிரைவராக இருந்த அண்ணன் சலீம்தான் அவளைப் படிக்க வைத்தவர். அவளுக்கு நிக்காஹ் முடிவானபோது அவருக்கு லீவ் கிடைக்கவில்லை.

"அண்ணன் இல்லாம இன்னா கல்யாணம் கலாக்கா?" என்று சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

நான் வாயை விட்டுவிட்டேன். "வராட்டி இன்னாடி? கம்ப்யூட்டர்ல லைவா பாக்க வெக்கிறேன், இரு."

சென்னையில் ஒரு கடையில் அதற்கான சாஃப்ட்வேர் சிடி வாங்கினேன். 'எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓடும்' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஆபீசில் மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஓடியது. மூன்றுமே விண்டோஸ் எக்ஸ்பி என்பது அப்போது உறைக்கவில்லை. இன்னொரு சிடியை ஷார்ஜாவுக்கு அனுப்பிவைத்தேன்.

கல்யாணத்தன்று பக்கத்து ப்ரௌசிங் சென்டரிலிருந்து மாடி வழியாக வயர் இழுத்து, மணப்பெண்ணுக்கு எதிரே வெப்கேமை வைத்தேன். ஷார்ஜாவில் சலீம் அண்ணன் சூப்பர்வைசரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபோன் வந்தது.

"கலாம்மா, கறுப்பா ஒரு கட்டம்தான் தெரியுது. படத்தையே காணோம்."

"ஸ்டார்ட் பட்டன அமுக்குங்கண்ணே."

"அந்த மாதிரி ஒண்ணும் இல்லியேம்மா... இது விண்டோஸே இல்லியாம், லினக்ஸாம். சூப்பர்வைசர் சொல்றாரு."

நூர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்... அண்ணன் பார்க்கிறார் என்று.

அருகில் போய்ச் சொன்னேன். "படம் போவல நூர். ஃபோன்லதான் கீறாரு."

கேமராவிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்போ நீயே பாத்துப் பாத்து சொல்லுக்கா" என்றாள்.

சொன்னேன். பச்சைப் பட்டு, கை நிறைய மருதாணி, பந்தலில் மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவது, உள்ளே கருகமணி கட்டுவது... எல்லாவற்றையும். நடுவில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லைன்ல கீறீங்களாண்ணே?"

"கீறேம்மா. நிறுத்தாத. சொல்லிக்கினே இரு."

அடுத்த வாரம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "எல்லாத்துலயும்னா, எல்லா விண்டோஸ்லயும் மேடம். தொண்ணூத்தெட்டு, டூ தௌசண்ட், எக்ஸ்பி..." என்றார் சாதாரணமாக.

இன்று எந்த ஃபோனில் தொட்டாலும் படம் வந்துவிடுகிறது. என்ன சிஸ்டம் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் என் அக்கா மகன் கல்யாணத்துக்கு லைவ் லிங்க் அனுப்பினேன். குரூப்பில் எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள்.

தாலி கட்டுவதற்கு முன்பே லைவ் நின்றுபோயிருக்கிறது. எனக்கே மறுநாள்தான் தெரியும். அதுவரை ஒருவரும் ஃபோன் பண்ணிக் கேட்கவில்லை.