குருவி பாக்க வந்த மாப்பிள்ளை

டங்... டங்... டங்...

வெறும் பிஸ்கட் தகரத்தில் பூவரசந்தடி விழுகிற சத்தம். தை மாதத்தில் எங்கள் ஊர் கண்டாவளையில் பொழுது விடிவதே இந்தச் சத்தத்தோடுதான். நெற்கதிர் பால் பிடிக்கிற நேரம். சின்னக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். வயலுக்கு வயல் ஆட்கள் நின்று தகரம் தட்டிக் கலைப்போம். என் குரலுக்கு மூன்று வயல் தாண்டியும் குருவி எழும்பும் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் மூச்சு விட மாட்டா!

இந்த வேலைக்கு எங்களூரில் பெயர் "குருவி பாக்கிறது". மாடு பார்ப்பது மாதிரி, குருவி பார்ப்பது. இந்த ஒரு சொல்லால்தான் எனக்குக் கலியாணம் நடந்தது... நடக்காமல் போகவும் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம். முதல் வந்த இரண்டு சம்பந்தமும் "பிறகு சொல்லுறம்" என்று போய் அப்படியே நின்றுவிட்டன. மூன்றாவதைப் பெரியப்பா கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கந்தோரில் கிளாக்கர் வேலை.

"பெடியனுக்குக் குடி, புகை ஒண்டும் இல்லை. குருவி பாக்கிறதெண்டால் மட்டும் சரியான விருப்பமாம்."

அப்பாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "பாத்தியளே! கொழும்பிலை இருந்தும் வயலை மறக்காத பெடியன்."

நான் ஒரே பிள்ளை. தனக்குப் பிறகு வயலை யார் பார்ப்பது என்பதுதான் அப்பாவின் பெரிய கவலை.

மாப்பிள்ளை வந்தார். மெல்லிய ஆள், கழுத்தில் பைனாகுலர். கதிரையின் நுனியில் கூச்சத்தோடு இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தபோது என்னை ஒரு தரமும், முற்றத்து வேம்பில் இருந்த ஏதோவொன்றை இரண்டு தரமும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, குருவி பாக்கப் போவமோ?" என்று அப்பா கேட்டாரோ இல்லையோ, முகமெல்லாம் மலர எழும்பினார்.

அப்பா அவரை வயலுக்குக் கூட்டிப்போய்க் காவல் பரணில் ஏற்றினார். தகரத்தையும் தடியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரியப்பாவோடு வாய்க்கால் பக்கம் கதைக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரமாகியும் தகரச் சத்தம் கேட்கவில்லை.

அம்மா மோரை என் கையில் தந்து தானும் பின்னால் வந்தா. போய்ப் பார்த்தால்... எங்கள் வயலில் குருவித் திருவிழா! அக்கம்பக்கத்து வயல்களில் கலைத்ததெல்லாம் எங்களுடையதில் இறங்கியிருந்தது. பரணில் மனுசன் மூச்சுக் காட்டாமல் பைனாகுலரோடு இருக்கிறார். நான் ஏறித் தகரத்தை எடுக்கக் கை நீட்டினேன்.

"உஷ்! சத்தம் போடாதேயும்... இதிலை பாரும்."

பைனாகுலரை என்னிடம் தந்தார். வாங்கிப் பார்த்தேன். கதிரில் தொங்கிய ஒரு குருவி என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. நெஞ்சு முழுக்க மீன் செதில் மாதிரிக் கோலம். சொண்டில் நெல்லுப்பால். சின்ன வயதில் இருந்து கலைத்த குருவிதான்... ஆனால் நான் அதுவரை அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு வடிவென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"ஆய்ய்ய்!"

அப்பா போட்ட சத்தத்தில் குருவியும் எழும்பியது, மாப்பிள்ளையும் எழும்பினார்.

"குருவி பாப்பீர் எண்டெல்லோ சொன்னவை?"

"ஓம் ஐயா, பாத்துக்கொண்டுதானே இருந்தனான்!"

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெரியப்பாவிடம் பொரிந்து தள்ளினார். "நெல்லைத் தின்னக் குடுத்திட்டு வாய் பாத்துக்கொண்டு இருக்கிறவன், என்ரை பிள்ளையையோ பாக்கப்போறான்?"

மாப்பிள்ளை முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சுண்டிக்குளம் பறவைச் சரணாலயம் பக்கத்தில்தானே, பூநாரை வந்திருக்கும், அதையும் பார்க்கலாம் என்றுதான் பெண் பார்க்கவே சம்மதித்தாராம். அது பிறகு எனக்குச் சொன்ன கதை.

எனக்கு அந்த மனுசனை விட மனமில்லை. இன்னொரு "பிறகு சொல்லுறம்" கேட்கவும் ஏலாது. மோர்ச் செம்பைக் கழுவி வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றபடி சொல்லிவிட்டேன்.

"அவர் பாக்கட்டும் அப்பா. நான் கலைக்கிறன்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அப்பாவாலும் அடக்க முடியவில்லை.

அடுத்த தையில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் சுண்டிக்குளம் போனோம். மணலில் பாதித் தூரம் உருட்டல்தான். உப்புக்காற்று, சேற்று மணம். சரணாலயம் என்று சொல்ல ஒரு பழைய பலகை, வேறொன்றும் இல்லை. கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பில் கண்ணுக்கெட்டிய தூரம் பூநாரை... தலையைக் கவிழ்த்துச் சேற்றைக் கிளறிக்கொண்டு. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

இவ்வளவு பறவையை ஒரே இடத்தில் கண்டால் என் கை சும்மா இருக்குமா? "ஆய்ய்ய்!" என்று கத்திக் கையைத் தட்டிவிட்டேன்.

முழுக்கூட்டமும் எழும்பியது. நின்றபோது வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் விரித்த செட்டைக்குள் சிவப்பு. களப்புக்கு மேலே எங்கும் அந்தச் சிவப்புத்தான்.

பயந்துபோய் அவரைப் பார்த்தேன். "நீர் கலைச்சபடியால்தான் இந்தச் சிவப்பைக் கண்டனான்" என்றார்.

எண்பத்து மூன்று கலவரத்தோடு கொழும்பு வேலையை விட்டு எங்களோடு வந்துவிட்டார். வயலையும் பார்த்தார், குருவியையும் பார்த்தார். கலைத்தது நான்தான். பிறகு பைனாகுலரோடு திரிந்தால் பறவை பார்க்கிறேன் என்று யாரையும் நம்பவைக்க முடியாத போர்க்காலம் வந்தது. பைனாகுலரை விதைநெல் மூட்டைக்குள் ஒளித்தோம். அவர் வெறுங்கண்ணால் வேம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனம் கேட்காது.

அவர் கண்ணை மூடி இரண்டு தை வந்துவிட்டது. இந்தமுறை மகள் என்னைச் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிப்போனாள். இப்போது வேனிலும் ஜீப்பிலும் ஆட்கள் வருகிறார்கள், முழங்கை நீளத்தில் கமரா வைத்திருக்கிறார்கள். வழிகாட்ட வந்த பிள்ளை வாயில் விரலை வைத்து, "அம்மா, சத்தம் போடாதேங்கோ, பறவையள் எழும்பியிடும்" என்றாள். சரியான கதைதான்.

அவருடைய பைனாகுலர் என் கழுத்தில். பூநாரைகள் வெள்ளையாக நின்றன. என் கை துருதுருத்தது... மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கலைக்க நான் இருக்கிறேன்.
பார்க்கத்தான் அவர் இல்லை.